‘புரியவில்லை’ என்று சொல்லத் தெரிந்த கருவி

ட்ரிப்ஸ் ஏற்ற வரும் நர்ஸ் முதலில் நரம்பைத் தேடுவார். வலது கையில் நன்றாகத் தெரிந்தால் அங்கேயே வென்ஃப்ளான் குத்தி, பிளாஸ்திரி ஒட்டி, “கையை அசைக்காதீங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். நம்மில் பெரும்பாலோருக்கு அது சின்னத் தொந்தரவு. சாப்பிடச் சிரமம், போனை எடுக்கச் சிரமம், அவ்வளவுதான். பிறவியிலேயே காது கேளாமல் சைகை மொழியில் வளர்ந்த ஒருவருக்கோ அது வாயைக் கட்டியது போல. அவர் பேசுவது அந்தக் கையால்.

ஐ.சி.யூ.வில் குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டுவதுண்டு. ஆஞ்சியோகிராம் இப்போது பெரும்பாலும் வலது மணிக்கட்டு வழியாகச் செய்யப்படுகிறது. முடிந்த பிறகு சில மணி நேரம் மணிக்கட்டில் இறுக்கமான பட்டை இருக்கும். இவை எல்லாம் மருத்துவக் காரணத்தோடு செய்யப்படுபவை. ஆனால் சைகை மொழியை மொழிபெயர்க்கும் கருவியை வடிவமைக்க உட்காருபவர், கேமராவுக்கு நேராக நின்று இரு கைகளையும் வீசிப் பேசும் ஆரோக்கியமான மனிதரைத்தான் மனதில் வைத்திருக்கிறார். நோயாளி அப்படி நிற்பதில்லை. படுத்திருக்கிறார், போர்வைக்குள் இருக்கிறார், ஒரு கையால் பேசுகிறார், அந்தக் கையும் நடுங்குகிறது.

பொம்மசந்திராவை வைத்து இதைப் பேசலாம். பெங்களூரின் தெற்கு முனையில், ஓசூர் சாலையை ஒட்டிய ஊர். 2025 ஆகஸ்ட் முதல், ஆர்.வி. ரோட்டிலிருந்து கிளம்பும் மஞ்சள் தட மெட்ரோ 19 கிலோமீட்டர் ஓடி இங்கேதான் முடிகிறது. ஒரு பக்கம் தொழிற்பேட்டை. இன்னொரு பக்கம், டாக்டர் தேவி ஷெட்டி 2000-இல் தொடங்கிய நாராயணா ஹிருதயாலயாவைச் சுற்றி வளர்ந்த மருத்துவ நகரம். அதே சாலையில் அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாடு. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வருபவர்கள், வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தங்கியவர்கள், அறுவை சிகிச்சைக்காக எங்கிருந்தோ ரயிலேறி வந்தவர்கள் எல்லோரும் இந்தப் பகுதியில் கலந்திருக்கிறார்கள். காது கேட்பவர்களுக்கே இங்கு மொழி ஒரு வேலைதான். நர்ஸ் மலையாளத்தில் யோசித்து, கன்னடத்தில் தொடங்கி, தமிழில் முடிப்பார்.

இந்தக் கூட்டத்தில் ஒருவரை நினைத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர். தமிழ்நாட்டில் காது கேளாதோர் பள்ளி ஒன்றில் படித்தவர். தொழிற்பேட்டையில் ராத்திரி ஷிஃப்டில் இருக்கும்போது நெஞ்சு வலிக்கிறது. கூட வேலை செய்பவர்கள் ஆட்டோவில் ஏற்றி, அருகிலிருக்கும் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் விட்டுவிட்டார்கள். இவர் என் கற்பனை. இவருடைய சிக்கல்கள் கற்பனை இல்லை.

“எழுதிக் காட்டினால் போதாதா?” என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நம் குழந்தைகள் எழுத்தைக் கற்கும் முன்பே தமிழைக் கற்றுவிடுகிறார்கள். ‘அ’ என்ற வடிவத்தை, ஏற்கெனவே காதில் இருக்கும் ஓசையோடு ஒட்டவைப்பதுதான் அவர்களின் வேலை. பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு அந்த ஓசை இல்லை. தமிழ் எழுத்து அதற்கு, கேட்டே இராத ஒரு மொழியின் குறிகள். நன்றாகப் படித்து எழுதுபவர்கள் உண்டு. ஆனால் பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி, அதுவும் அரைகுறையாகக் கிடைத்த இரண்டாம் மொழி. அவர்களிடம் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒப்புதல் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது ஒப்புதல் ஆகாது.

இதில் பள்ளிக்கூடங்களுக்கும் பங்கு உண்டு. 1880-இல் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, சைகையை ஒதுக்கி வாய்ப்பேச்சைப் பழக்குவதே சிறந்தது என்று தீர்மானித்தது. அதன் நிழல் இந்தியா வரை நீண்டது. வகுப்பறையில் உதட்டைப் பார்த்துப் பேசப் பழக்கினார்கள். மைதானத்திலும் விடுதியிலும் பிள்ளைகள் கையால் பேசிக்கொண்டார்கள். மொழி அங்கேதான் உயிரோடிருந்தது.

அது முழுமையான மொழி என்பதற்கான ஆய்வில் பெங்களூருக்கு இடமுண்டு. 1977-இல் மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் உட்வர்ட், கிர்க் வில்சன் ஆகியோர் டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் ஆகிய நான்கு நகரங்களில் சைகைகளைத் திரட்டினார்கள். மதன் வசிஷ்டா தாமே காது கேளாதவர். நான்கு ஊர்ச் சைகைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஒன்றோடொன்று உறவுடையவை என்பது அவர்கள் கண்டது. ஒரே மொழியின் வட்டார வழக்குகள் என்று சொல்லும் அளவுக்கு நெருக்கம். மீதி நான்கில் ஒரு பங்கைக் கருவி செய்பவர் மறக்கக் கூடாது. டெல்லியில் பதிவு செய்த சைகைகளை மட்டும் கற்ற மென்பொருள், கிருஷ்ணகிரிக்காரர் முன் தடுமாறுவது அந்த இடத்தில்தான்.

இலக்கணமும் தனி. இந்திய சைகை மொழியில் வினாச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போகும். ‘வலி – தொடங்கு – எப்போது’ என்ற வரிசை. அதோடு முகமும் கேட்க வேண்டும். புருவம், கண், தலையின் சாய்வு ஆகியவை நம் பேச்சில் குரலின் ஏற்ற இறக்கம் செய்யும் வேலையைச் செய்கின்றன, அதற்கு மேலும் செய்கின்றன. ஆமாம்-இல்லைக் கேள்விக்கும் சாதாரணக் கூற்றுக்கும் உள்ள வேறுபாடு பல சமயம் முகத்தில் மட்டும்தான் இருக்கும்.

வலியைச் சொல்லும் விதத்தைப் பார்த்தால் எனக்கு வியப்பு தீர்வதில்லை. தமிழில் ‘நெஞ்சு வலிக்கிறது’ என்றால் இடம் ஒரு சொல், வலி ஒரு சொல். மருத்துவர் அடுத்து, எந்த இடம், குத்துகிறதா, அழுத்துகிறதா, விட்டு விட்டு வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டும். சைகையில் வலியை அது இருக்கும் இடத்திலேயே காட்டலாம். கை நெஞ்சின் நடுவில் நிற்கிறதா, இடது தோளை நோக்கி நகர்கிறதா என்பதே தகவல். அசைவின் தாளம் விண் விண்ணென்று தெறிப்பதையும், ஒரே சீராக அழுத்துவதையும் பிரித்துக் காட்டும். எவ்வளவு கடுமை என்பதை முகம் சொல்லும். தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அந்த ஓர் அசைவை மருத்துவரிடம் இரண்டு வாக்கியமாக விரிப்பார். இதயப் பிரிவில் அந்த இரண்டு வாக்கியத்தின் மதிப்பு எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. அகராதியிலிருந்து ‘வலி’ என்ற ஒரு சைகையை மட்டும் கற்ற மென்பொருள், இந்தச் செல்வத்தையெல்லாம் கொட்டிவிட்டு ‘வலி’ என்ற ஒற்றைச் சொல்லைத் திரையில் காட்டும்.

எந்திரம் கையை எப்படிப் பார்க்கிறது? கூகுளின் மீடியாபைப் போன்ற மென்பொருள்கள் வீடியோவின் ஒவ்வொரு சட்டகத்திலும் உடலைப் புள்ளிகளாக மாற்றுகின்றன. ஒரு கைக்கு 21 புள்ளிகள், உடலுக்கு 33, முகத்துக்கு 468. மொத்தம் 543 புள்ளிகள் நொடிக்குப் பல முறை இடம் மாறுவதே எந்திரத்துக்குப் ‘பேச்சு’. அந்த அசைவுத் தொடர்களுக்குப் பெயர் சூட்டிய ஆயிரக்கணக்கான வீடியோக்களைக் காட்டி, புதிய அசைவு எதைப்போல் இருக்கிறது என்று கணிக்கப் பழக்குகிறார்கள்.

இந்தியாவில் இதற்கான முக்கியமான தொகுப்பு ஒன்று சென்னையில் உருவானது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ‘இன்க்ளூட்’ தொகுப்பில் 263 சைகைகளுக்கு 4,287 வீடியோக்கள் இருந்தன. அதில் அவர்களின் சிறந்த மாதிரி எட்டிய துல்லியம் 85.6 சதவீதம். நல்ல தொடக்கம், மனதாரப் பாராட்ட வேண்டிய உழைப்பு. ஆனால் இந்த எண்ணை மருத்துவமனைக்குள் கொண்டுவந்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சைகையும் தனித்தனியாக 85.6 சதவீதம் சரியாகும் என்று வைத்துக்கொண்டால், ஐந்து சைகை கொண்ட வாக்கியம் முழுதும் சரியாக வரும் வாய்ப்பு 46 சதவீதம். பாதிக்கும் குறைவு. முன்பின் சொற்களை வைத்து ஊகித்து எந்திரம் இதைக் கொஞ்சம் உயர்த்தலாம். அதே சமயம், தொடர்ந்து பேசும்போது ஒரு சைகையின் முடிவு அடுத்ததன் தொடக்கத்தில் கரைவதால், தனிச் சைகையில் இருந்த தெளிவும் குறையும்.

தொகுப்பு எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். உலகெங்கும் சைகை மொழிபெயர்ப்பு ஆய்வில் மிக அதிகம் பயன்பட்ட தொகுப்புகளில் ஒன்று, ஜெர்மனியின் ஃபீனிக்ஸ் தொலைக்காட்சியில் வந்த வானிலை அறிக்கைகள். பேசியவர்கள் ஒன்பது பேர். வடக்கே மழை, தெற்கே வெயில் என்பதை அதில் பயின்ற மாதிரிகள் அழகாகச் சொல்லும். ‘மாத்திரை சாப்பிட்டதும் மூச்சுத் திணறுகிறது’ என்பதை அவை பார்த்ததே கிடையாது.

நடுவில் கையுறைகளின் கதை ஒன்று. சைகையைப் பேச்சாக மாற்றும் கையுறையைச் செய்ததற்காக 2016-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர் இருவர் பரிசு பெற்றார்கள். செய்தி உலகமெல்லாம் பரவியது. காது கேளாதோரிடமிருந்தும் மொழியியலாளரிடமிருந்தும் கண்டனம் வந்தது. கையுறைக்கு முகம் தெரியாது என்பது ஒரு காரணம். அதைவிட ஆழமானது இன்னொன்று. கையுறையைச் சுமப்பவர் காது கேளாதவர், பயன் பெறுபவர் காது கேட்பவர். மருத்துவர் சொல்வதை நோயாளிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க அதில் வழியே இல்லை. மருத்துவமனையில் அந்த இரண்டாம் திசைதான் கனமானது என்பது என் எண்ணம். நோயாளி சொல்ல வேண்டியது சில வாக்கியங்கள். அவர் புரிந்துகொள்ள வேண்டியதோ நோயின் பெயர், செய்யப்போகும் சிகிச்சை, அதன் ஆபத்து, மாற்று வழி, மாத்திரையின் வேளை, திரும்ப வர வேண்டிய நாள் எல்லாம்.

திரையில் ஒரு பொம்மை உருவத்தைக் கையசைக்க வைப்பது அந்தத் திசைக்கான முயற்சி. உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பு 2018-இல் இதைப் பற்றி எச்சரித்தது. மாறாத, முன்கூட்டியே தயாரித்துச் சரிபார்க்கக்கூடிய செய்திகளுக்கு அத்தகைய உருவங்கள் உதவலாம். நேரடியான, சிக்கலான, முக்கியமான உரையாடல்களில் மனித மொழிபெயர்ப்பாளரின் இடத்தை அவை பிடிக்கக் கூடாது என்பது சாரம்.

இந்தக் கோட்டுக்குள் நின்றே பயனுள்ள கருவிகள் வந்திருக்கின்றன. ஜெனீவா பல்கலைக்கழகமும் அந்நகரின் மருத்துவமனைகளும் சேர்ந்து உருவாக்கிய ‘பேபல்டாக்டர்’, மருத்துவர் பேசுவதைத் தன்னிஷ்டப்படி மொழிபெயர்ப்பதில்லை. மனிதர்கள் முன்பே மொழிபெயர்த்துச் சரிபார்த்த வாக்கியங்களில் எது அவர் கேட்டதற்கு மிக நெருக்கம் என்று தேடி, “இதைத்தானே கேட்கிறீர்கள்?” என்று அவரிடமே காட்டுகிறது. அவர் ஆமாம் என்ற பிறகே நோயாளியிடம் போகிறது. அதில் சைகை மொழியும் உண்டு. 2021-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தினர், கொரோனா காலத்தில் மொழிபெயர்ப்பாளர் நேரில் வர முடியாத நிலையை மனதில் வைத்து, டச்சு சைகை மொழிக்கு இதே போன்ற வாக்கியத் தொகுப்பு ஒன்றை வடிவமைத்தார்கள். முகக்கவசம் உதட்டையும் பாதி முகத்தையும் மறைத்த காலம் அது.

பொம்மசந்திராவுக்கு இந்தப் பாதை பொருந்தும். புதுடெல்லியில் 2015-இல் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2018-இல் 3,000 சொற்களோடு அகராதி வெளியிட்டது. 2021-இல் அது 10,000 சொற்களாக வளர்ந்தது. மருத்துவச் சொற்களும் அதில் இருக்கின்றன. அகராதி ஒரு கிடங்கு. அவசரப் பிரிவுக்குத் தேவை, கேட்கும் வரிசையில் அடுக்கிய வாக்கியங்கள். எந்த இடத்தில் வலி, எப்போது தொடங்கியது, சர்க்கரை உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள். ஒவ்வொன்றையும் காது கேளாத ஒருவர் சைகையில் நிகழ்த்தி, பெங்களூர் வழக்கிலும் தமிழ்நாட்டு வழக்கிலும் பதிவு செய்து, நர்ஸின் டேப்லெட்டில் கன்னடம், தமிழ், இந்தித் தலைப்புகளோடு வைத்துவிடலாம். பதிலைப் படம் தொட்டுச் சொல்லலாம். இதில் செயற்கை நுண்ணறிவு வெகு குறைவு. உயிருக்கு ஆபத்தும் அதனால் வெகு குறைவு.

கேட்பது எளிது. பதிலை நம்புவதில்தான் சிக்கல். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதா என்று கேட்கிறோம். எதிரிலிருப்பவர் தலையாட்டுகிறார். அது ‘ஆமாம்’ என்ற தலையாட்டலா, ‘நீங்கள் கேட்பதைக் கவனிக்கிறேன், மேலே சொல்லுங்கள்’ என்ற தலையாட்டலா? சைகையில் உரையாடும்போது இரண்டாவது வகை அடிக்கடி வரும். புரியாதபோது அவமானத்துக்கு அஞ்சி ஆட்டும் மூன்றாவது வகையும் உண்டு, அது நம் எல்லோருக்கும் தெரிந்தது. இதற்கு மருத்துவத்தில் பழைய மருந்து ஒன்று இருக்கிறது. நோயாளியிடம் “புரிந்ததா?” என்று கேட்பதை விட்டுவிட்டு, “வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சாப்பிடப்போகிறீர்கள், சொல்லுங்கள்” என்று கேட்பது. கருவியும் இதைச் செய்ய வேண்டும். தலையாட்டலை மட்டும் வைத்து ஒவ்வாமைக் கட்டத்தில் டிக் போடும் மென்பொருளை நான் வார்டுக்குள் விடமாட்டேன்.

இன்னும் நுட்பமான ஓர் ஆபத்து மூளையில் இருக்கிறது. அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிலையத்தில் அர்சுலா பெலுகியும் சக ஆய்வாளர்களும் 1980-களில், பக்கவாதம் வந்த காது கேளாதோரைப் பரிசோதித்தார்கள். சைகை கண்ணாலும் வெளியாலும் நிகழும் மொழி என்பதால், இடஞ்சார்ந்த திறனில் பெரும்பங்கு வகிக்கும் வலது மூளை பாதித்தால்தான் சைகை கெடும் என்று எதிர்பார்க்கலாம். நடந்தது வேறு. இடது மூளையின் மொழிப் பகுதிகள் பாதித்தபோதுதான் சைகை குலைந்தது. காது கேட்பவரின் பேச்சு குழறுவது போலவே அவர்களுடைய கைப்பேச்சு குழறியது. மூளை மொழியை மொழியாகவே நடத்துகிறது, அது வாயில் வந்தாலும் கையில் வந்தாலும்.

அப்படியானால் கிருஷ்ணகிரிக்காரருக்கு வந்தது நெஞ்சு வலியாக இல்லாமல் பக்கவாதமாக இருந்தால்? ‘பேச்சு குழறுகிறதா’ என்பது பக்கவாதத்துக்கான முதல் சோதனைகளில் ஒன்று. இவருக்கு அது கையில் குழறும். மனித மொழிபெயர்ப்பாளர் உடனே, “டாக்டர், இவர் சைகை ஒழுங்கற்று வருகிறது, சொற்கள் கோவையாக இல்லை” என்பார். மொழி மாதிரிகளோ உடைந்த உள்ளீட்டைச் சீராக்கி, படிக்க இதமான வாக்கியமாக்கித் தரப் பயின்றவை. குழறலைத் திருத்திவிட்டு, அவை நோயின் அறிகுறியை அழித்துவிடும். பக்கவாதத்தில் நிமிடக் கணக்கு. மொழிபெயர்ப்பு அழகாக இருந்ததாலேயே ஒருவரின் மூளை செத்துப்போகலாம். மனநோய்ப் பிரிவிலும் இதே கதைதான்: கோவையற்ற பேச்சைக் கோவையற்றதாகவே கொண்டுசேர்ப்பதும் மொழிபெயர்ப்பில் அடக்கம். எந்திரத்தின் நம்பிக்கை அளவு ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினால், அது ஊகித்து நிரப்பாமல் ‘எனக்குப் புரியவில்லை’ என்று திரையில் காட்டி மனிதரை அழைக்க வேண்டும்.

அழைத்தால் வர மனிதர் வேண்டும் அல்லவா? 2011 கணக்கெடுப்பில் கேட்பதில் குறைபாடு உள்ளவர்களாகப் பதிவானோர் சுமார் 50 லட்சம் பேர். அவர்கள் எல்லோரும் சைகை பேசுபவர்கள் அல்ல. தொழிற்சாலை இரைச்சலிலும் முதுமையிலும் காது மங்கியவர்களுக்குச் சைகை தெரியாது. பேச்சைத் தமிழிலோ கன்னடத்திலோ எழுத்தாக்கிக் காட்டும் திரை அவர்களுக்குப் போதும். சைகை பேசுவோரை மட்டும் எடுத்துக்கொண்டாலும், பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் தேவைக்கு மிக மிகக் குறைவு. ராத்திரி இரண்டு மணிக்கு பொம்மசந்திராவில் ஒருவரை நேரில் வரவழைக்க முடியாது. வீடியோ அழைப்பில் வரவழைக்கலாம். டெல்லி மையம் 2023 செப்டம்பர் 23 அன்று வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு வசதியைத் தொடங்கியது. அதே வாரத்தில்தான் பெங்களூரைச் சேர்ந்த காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, சைகை மொழிபெயர்ப்பாளர் துணையோடு உச்ச நீதிமன்றத்தில் காணொலி வழியே வாதாடினார். நீதிமன்றத்தால் முடிந்தது வார்டிலும் முடியும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு, தனியார் மருத்துவமனைகளின் எல்லாப் பகுதிகளும் தடையின்றி அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. படியருகே சாய்தளம் கட்டியதோடு அது முடிந்துவிடுவதில்லை.

கேமரா வந்தால் அந்தரங்கம் பற்றிய கேள்வியும் வரும். மற்ற நோயாளிகளின் வீடியோவில் முகத்தை மங்கலாக்கிவிடலாம். சைகை பேசுபவருக்கு அது முடியாது; முகமே இலக்கணம். வீடியோவைக் கருவிக்குள்ளேயே புள்ளிகளாக மாற்றி, படத்தை அங்கேயே அழித்துவிட்டுப் புள்ளிகளை மட்டும் பயன்படுத்துவது ஒரு வழி. முழுத் தீர்வு இல்லை, அசைவிலிருந்தும் ஆளை அடையாளம் காண முடியும். ஆகவே அனுமதி கேட்க வேண்டும், அதையும் சைகையில் கேட்க வேண்டும்.

எளிய வேலைகள் சிலவற்றுக்குக் கணினியே வேண்டாம். சி.டி. ஸ்கேன் எந்திரத்துக்குள் “மூச்சை இழுத்துப் பிடியுங்கள்” என்று ஒலிபெருக்கி சொல்வது இவருக்குக் கேட்காது. விளக்கு ஒன்றின் நிற மாற்றத்தை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிட்டால் முடிந்தது. ஓ.பி.யில் டோக்கன் எண்ணைக் கூவுவதோடு திரையிலும் காட்டலாம். சேர்க்கைப் படிவத்தில் ஒவ்வாமைக்கு ஒரு வரி இருப்பது போல, ‘எந்தக் கையால் பேசுவார்’ என்பதற்கும் ஒரு வரி சேர்க்கலாம். வென்ஃப்ளான் போடுபவர் அதைப் பார்த்துவிட்டு மற்றக் கையில் நரம்பு தேடுவார்.

கருவியைப் பழக்கும் வேலை தொடங்கும்போது முதலில் பதிவாக வேண்டிய சைகை எது என்று கேட்டால், நான் வலியையோ மருந்தையோ சொல்லமாட்டேன். ‘புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்’ என்பதைச் சொல்வேன். நின்றபடி, படுத்தபடி, இடது கையால், வலது கையால், ட்ரிப்ஸ் ஓடும் கையால், ஆக்சிஜன் முகமூடிக்குப் பின்னால், அரை வெளிச்சத்தில், பெங்களூர்க்காரர், கிருஷ்ணகிரிக்காரர், கட்டாக்கிலிருந்து வந்தவர் என்று நூறு நூறு முறை பதிவு செய்து, அந்த ஒன்றை மட்டும் எந்திரம் தவறவே விடாதபடி பழக்க வேண்டும். அந்தச் சைகை வந்த நொடியில் திரையில் ஓடும் வாக்கியம் நிற்க வேண்டும். நர்ஸ் நிமிர்ந்து நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டும்.